டிரோன் நிலையாகப் பறக்க

தராசில் பண்டத்தை வைப்பதற்கு முன், வெறுந்தட்டுகளோடு அதன் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது சங்கங்களின் பண்டகசாலைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். நெசவாளருக்கு நூலை நிறுத்துக் கொடுக்கும்போதும், நெய்த துணியை நிறுத்து வாங்கும்போதும், விவசாயி கொணர்ந்த பருத்தியை நிறுக்கும்போதும் இந்த முதற் சோதனையை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முள் ஆரம்பத்திலேயே சாய்ந்திருக்குமாயின், நிறுப்பவர் எத்துணை நாணயமுடையவராயினும் நிறை பிழையாகவே முடியும்.

இவ்விதி, வயல்வெளிகளில் இன்று புதிதாகத் தோன்றியுள்ள டிரோனுக்கும் அப்படியே பொருந்தும். மருந்து தெளிக்கும் பெரிய டிரோன்களைப் பற்றி அங்கத்தினர் பலர் அறிந்திருப்பர். மகளிர் சுய உதவிக் குழுக்களில் 15,000 குழுக்களுக்கு அவற்றை வழங்கும் ‘நமோ டிரோன் தீதி’ திட்டத்திற்கு 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அதுவன்று. படம் எடுப்பதற்கென்றே அமைந்த சிறிய டிரோன். சீன தேசத்து ஷென்ஜென் நகரின் டி.ஜே.ஐ. நிறுவனம் 2013 ஜனவரியில் ‘ஃபான்டம்’ என்ற டிரோனை வெளியிட்டதிலிருந்து இவ்வகை சாதாரண மக்களிடையே பரவலாயிற்று. அதே நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘மேவிக் மினி’ 249 கிராம் எடையே உடையது. கால் கிலோ புளியின் எடை கூட இல்லாத இச்சாதனம், வயலின் எந்த மூலையில் நீர் ஏறவில்லை, எவ்விடத்தில் பயிர் மஞ்சளித்துள்ளது, வெள்ளத்தில் கரை எங்கே உடைந்தது, புயலுக்குப் பின் நெசவாளர் குடியிருப்பில் எந்தெந்தக் கூரை பழுதடைந்தது என்பவற்றை ஒரு சில நிமிஷங்களில் படம் பிடித்துத் தந்துவிடும்.

இத்தகைய சாதனத்தைச் சங்கம் பொதுவில் வாங்கி, அங்கத்தினர் முறைவைத்து உபயோகிப்பது சிக்கனமான ஏற்பாடு. ஆனால் அது நிலைதவறித் தென்னையில் மோதி உடைந்தால் பொதுப்பணம் நஷ்டமாகும். வேகமாகச் சுழலும் அதன் இறக்கைகள் ஒரு குழந்தையின் கண்ணில் பட்டுவிட்டால் அத்தீங்கை எப்பணத்தாலும் ஈடுசெய்ய இயலாது. ஆதலின், டிரோனைப் பறக்கவிடக் கற்பதற்கு முன்னரே, அதன் ‘முள்’ நடுவில் நிற்கிறதா என்று பார்க்கக் கற்பது அவசியம். இதற்கு அளவுத்திருத்தம் என்று பெயர்.

டிரோன் எவ்வாறு அந்தரத்தில் நிற்கிறது?

சிறு டிரோனில் நான்கு மோட்டார்கள் உண்டு. எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு ஒரு திசையிலும், மற்ற இரண்டு எதிர்த்திசையிலும் சுழலும். நான்கும் சமமாகச் சுழன்றால் டிரோன் நேராக நிற்கும். பின்னிரண்டும் சற்று விரைந்தால் முன்புறம் தாழ்ந்து, டிரோன் முன்னோக்கிச் செல்லும். ஆகவே, சாய்வுதான் இதன் நடை. சாயாமல் இருந்தாலன்றி ஓரிடத்தில் நிற்க இயலாது.

தான் சாய்ந்திருக்கிறதா இல்லையா என்பதை டிரோன் எவ்வாறு அறியும்? அதனுள்ளே மிகச் சிறிய உணர்கருவிகள் சில இருக்கின்றன. ‘ஜைரோஸ்கோப்’ டிரோன் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதைச் சொல்லும். முடுக்கமானி பூமியின் ஈர்ப்பு எத்திசையில் உள்ளது என்பதை உணர்ந்து ‘கீழ்’ எது என்று சொல்லும். திசைகாட்டி வடக்கைச் சொல்லும். காற்றழுத்தமானி உயரத்தைச் சொல்லும். ஜி.பி.எஸ். இருக்கும் இடத்தைச் சொல்லும். இவற்றின் சொற்களைக் கேட்டு, ஒரு வினாடியில் பல நூறு முறை மோட்டார்களின் வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதனால்தான் டிரோன் ஆணியடித்தாற்போல் அந்தரத்தில் நிற்கிறது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. டிரோனுக்குச் சுயமாக ஐயம் தோன்றுவது அரிது. உணர்கருவி பொய் சொன்னால், அப்பொய்க்கும் அது உண்மையாகவே கீழ்ப்படியும். மட்டமில்லாத தறியில் எவ்வளவு கைதேர்ந்தவர் நெய்தாலும் துணி கோணுவது போல, பிழையான உணர்கருவியோடு எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் டிரோன் நழுவும்.

மட்டத்தைக் கற்பித்தல்

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்குவோம். முடுக்கமானியில் ஒரே ஒரு பாகை பிழை இருப்பதாகக் கொள்வோம். டிரோன் தன்னை மட்டமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு உண்மையில் ஒரு பாகை சாய்ந்து நிற்கும். அச்சாய்வினால் அதன் வேகம் ஒவ்வொரு வினாடிக்கும் சுமார் 17 சென்டிமீட்டர் வீதம் கூடும். காற்றின் தடையைக் கணக்கிடாவிடில், 10 வினாடிகளில் அது சுமார் எட்டரை மீட்டர் நகர்ந்திருக்கும். வெட்டவெளியில் ஜி.பி.எஸ். இந்நகர்வைக் கண்டு திருத்திவிடும். அடர்ந்த தோப்பிலும், கிடங்கினுள்ளும், ஜி.பி.எஸ். இல்லாத மலிவான டிரோன்களிலும் திருத்துவார் இல்லை.

இப்பிழையைக் களையும் முறை எளிமையானது. நிறுத்தும் தராசில் ஐயம் எழுந்தால் பண்டத்தையும் எடைக்கல்லையும் தட்டு மாற்றி வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலவே, முடுக்கமானியை நேராகவும் தலைகீழாகவும் வைத்துப் பார்க்கிறார்கள். ஈர்ப்பின் அளவை 1 என்று கொண்டால், நேராக வைக்கும்போது +1 என்றும் கவிழ்க்கும்போது –1 என்றும் அது காட்டவேண்டும். +1.04 என்றும் –0.96 என்றும் காட்டினால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்க 0.04 வருகிறது. இதுவே அதன் பிழை. இனி வரும் அளவுகள் அனைத்திலும் இதனைக் கழித்துவிட்டால் உண்மை அளவு கிடைத்துவிடும். கைப்பேசியின் திரை டிரோனை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

ஜைரோஸ்கோப்பின் பிழை வேறு விதமானது. அசையாமல் இருக்கும்போது அது பூஜ்யத்தைக் காட்டவேண்டும். வினாடிக்கு அரைப் பாகை என்று காட்டினால், ஒரு நிமிஷத்தில் டிரோன் 30 பாகை திரும்பிவிட்டதாகப் பொய்க்கணக்கு ஏறிவிடும். இப்பூஜ்யம் வெப்பத்தால் மாறுவது. வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்த சூட்டோடு அளவுத்திருத்தம் செய்வது தவறு. நிழலில் சிறிது நேரம் வைத்து ஆறவிட்டுச் செய்க.

செய்யும் முறை இது. ஆடாத மேசை ஒன்றை எடுத்துக்கொள்க. கொத்தனாரின் ரசமட்டத்தை அதன்மேல் நெடுக்காகவும் குறுக்காகவும் வைத்துப் பார்த்து, கால்களுக்கு அடியில் அட்டை கொடுத்து மட்டமாக்குக. தறியோ மாவு இயந்திரமோ ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் தரை அதிரும், அங்கே செய்யலாகாது. மின்விசிறியை நிறுத்துக. பாட்டரியில் போதிய மின்சாரம் இருத்தல் வேண்டும். டிரோனின் இறக்கைகளைக் கழற்றிவிடுவது பாதுகாப்பு. பின்னர்ச் செயலி காட்டும் வரிசைப்படி டிரோனை வைத்து, ஒவ்வொரு நிலையிலும் கை எடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். இதற்குச் சில நிமிஷங்கள் பிடிக்கலாம். பொறுமையின்றி இடையில் தொட்டால் அந்த அசைவும் ‘பூஜ்யம்’ என்றே டிரோனின் நினைவில் பதிந்துவிடும்.

வடக்கைக் கற்பித்தல்

விபத்துகளுக்கு வழிவகுப்பதில் திசைகாட்டியின் பிழைக்குப் பெரும்பங்கு உண்டு. காற்று டிரோனைக் கிழக்கே இரண்டு மீட்டர் தள்ளிவிட்டது என்று கொள்வோம். ஜி.பி.எஸ். அதனை அறிவிக்கிறது. டிரோன் மேற்கே திரும்பவேண்டும். மேற்கு எது என்று சொல்லவேண்டியது திசைகாட்டி. அது 60 பாகை தவறியிருந்தால், மேற்கு என்று எண்ணி டிரோன் ஏறக்குறையத் தெற்கே போகிறது. ‘தெற்கே வந்துவிட்டாய்’ என்கிறது ஜி.பி.எஸ். வடக்கே போக முயன்று மேற்கே போகிறது. கிழக்கே திரும்ப முயன்று வடக்கே போகிறது. இவ்வாறு செக்குமாட்டைப் போல் வட்டமிட்டு, வட்டம் வரவர விரிந்து, இறுதியில் மரத்திலோ கம்பியிலோ மோதி வீழ்கிறது. ‘புறப்பட்ட இடத்திற்குத் திரும்பு’ என்னும் பொத்தானும் இந்நிலையில் உதவாது. திரும்பும் வழியைச் சொல்லவேண்டியதும் அதே திசைகாட்டிதானே!

திசைகாட்டி இவ்வளவு எளிதில் ஏமாறுவது ஏன்? பூமியின் காந்தப்புலம் மிக மெலிந்தது. தமிழ்நாட்டில் அதன் வலிமை சுமார் 40 மைக்ரோடெஸ்லா. வீட்டில் உபயோகிக்கும் சாதாரண ஒட்டுக்காந்தத்தின் மேற்பரப்பில் உள்ள வலிமையில் இது நூறில் ஒரு பங்கும் இராது. ஆயினும், நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. புவிகாந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்கு அருகே செல்கிறது. அதனால் இங்கே காந்தப்புலம் அதிகம் சாயாமல் பெரும்பாலும் கிடைமட்டமாக அமைந்து, திசையைத் தெளிவாகக் காட்டுகிறது. துருவங்களை நெருங்க நெருங்க அது செங்குத்தாகித் திசைகாட்டி தடுமாறும். இயற்கை தந்த இந்த அனுகூலத்தை ஒரு கைப்பிடி இரும்பு கெடுத்துவிடக்கூடும் என்பதை மறக்கலாகாது.

டிரோனிலேயே உள்ள திருகுகளும் மோட்டார்களும் திசைகாட்டியைச் சிறிது இழுக்கும். இவ்விழுப்பு டிரோனோடு சேர்ந்தே சுற்றும். பூமியின் புலமோ சுற்றாது. ஆகவே, டிரோனை முழுவட்டமாகச் சுற்றிப் பார்த்தால் எது பூமியின் புலம், எது டிரோனின் சொந்த இரும்பு என்பதைப் பிரித்தறிய முடிகிறது. திசைகாட்டியைத் திருத்தும்போது டிரோனை முதலில் படுக்கைவாட்டில் ஒரு முழுச்சுற்றும், பிறகு மூக்குக் கீழ்நோக்க நிமிர்த்திப் பிடித்து ஒரு முழுச்சுற்றும் சுற்றச் சொல்வது இதற்காகவே. சில டிரோன்களில் வரிசை வேறுபடும். கையேட்டில் கண்டபடி செய்க.

இக்கணக்கு பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. டிரோனுக்கு வெளியே அருகில் இரும்பு இருக்கக்கூடாது. கம்பி கட்டிய சிமெண்டுக் களம், மொட்டைமாடி, மோட்டார் கொட்டகை, டிராக்டர், சைக்கிள், விசைத்தறிக் கூடம், மின்மாற்றி ஆகியவற்றின் அருகே திசைகாட்டியைத் திருத்தலாகாது. செய்பவர் தம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி, சாவிக்கொத்து, கைக்கடிகாரம் ஆகியவற்றை அகற்றிவிட வேண்டும். அறுவடையான மண்தரை வயலின் நடுவிடமே இதற்கு ஏற்றது. கெட்ட இடத்தில் செய்த அளவுத்திருத்தம் செய்யாமல் விட்டதைவிடத் தீமையானது. செய்யாமல் விட்டால் பழைய, பெரும்பாலும் சரியான, அளவு எஞ்சியிருக்கும். கெட்ட இடத்தில் செய்தாலோ அந்த நல்ல அளவை அழித்துவிட்டுப் பொய்யைப் பதித்தவராவோம்.

மொட்டைமாடியில் வைத்துக் கிளப்பினால் திசைகாட்டி எச்சரிக்கை தோன்றுவது இயல்பு. அப்போது அங்கேயே அளவுத்திருத்தம் செய்ய முற்படுவது பொதுவாகக் காணப்படும் தவறு. டிரோனை எடுத்துக்கொண்டு மண்தரைக்கு இறங்கிச் செல்வதே சரியான செயல். எச்சரிக்கை அங்கே தானாக மறைந்துவிடுமாயின் குற்றம் மாடியினுடையது, டிரோனுடையது அன்று.

எப்பொழுது செய்யவேண்டும்?

ஒவ்வொரு முறை பறக்குமுன்னும் செய்யவேண்டும் என்று சிலர் கருதுவர். அது வேண்டாத உழைப்பு. அவசரத்தில் கெட்ட இடத்தில் செய்துவிடும் அபாயத்தையும் பெருக்குவது. டிரோன் கீழே விழுந்திருந்தாலும், அதன் உள்நிரல் புதுப்பிக்கப்பட்டிருந்தாலும், செயலி கேட்டாலும் அளவுத்திருத்தம் வேண்டும். திசைகாட்டியைப் பொறுத்தவரை, கடைசியாகப் பறந்த இடத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு அப்பால் சென்றாலும், 30 நாட்களுக்கு மேல் பறக்காமல் இருந்தாலும் மீண்டும் திருத்துமாறு ‘மினி’ வகை டிரோன்களின் கையேடு கூறுகிறது. மற்ற சமயங்களில், நன்றாக நிற்கும் டிரோனைத் தொடாமல் இருப்பதே நலம்.

இவற்றோடு இன்னும் இரண்டு சிறு திருத்தங்கள் உண்டு. படத்தில் அடிவானம் சாய்ந்து தோன்றினால், கேமராவைத் தாங்கும் கிம்பலைத் திருத்தவேண்டும். அதன் காப்புமூடியைக் கழற்றி, டிரோனை மட்டமான இடத்தில் வைத்துச் செயலியில் ஆணையிட்டால் அது தானே செய்துகொள்ளும். கையை எடுத்த பின்னும் டிரோன் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தால், ரிமோட்டில் உள்ள பிடிகளின் நடுநிலை பிசகியிருக்கலாம். டிரோனை அணைத்து வைத்துவிட்டு, பிடிகளை நடுவில் விட்டும், பின் எல்லைவரை வட்டமாகச் சுழற்றியும் அவற்றைத் திருத்தலாம்.

சோதனைப் பறப்பு

அளவுத்திருத்தம் முடிந்தவுடன் வேலைக்கு அனுப்பலாகாது. ஆட்கள் விலகி நிற்கும் வெட்டவெளியில், காற்றடங்கிய காலைப்பொழுதில், இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்க்கவேண்டும். அதற்கு முன் ஜி.பி.எஸ். போதிய செயற்கைக்கோள்களைப் பற்றி, புறப்பட்ட இடம் குறிக்கப்பட்டது என்று செயலி அறிவிக்கும் வரை காத்திருப்பது அவசியம். திரும்பிவரும் உயரத்தையும் சுற்றுவட்டாரத்தின் மிக உயர்ந்த தென்னைக்கு மேலாக அமைத்துக்கொள்க.

ஜி.பி.எஸ். இல்லாத டிரோன் நழுவினால், குற்றம் காற்றினுடையதா டிரோனுடையதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. டிரோனின் மூக்கை ஒரு கால்வட்டம் திருப்புக. முன்பு கிழக்கே நழுவியது இப்போதும் கிழக்கேயே நழுவினால் அது காற்றின் வேலை. மூக்கோடு சேர்ந்து நழுவும் திசையும் திரும்பிவிட்டால் டிரோனின் மட்டமே பிழை. இறக்கி, மீண்டும் திருத்துக. ஜி.பி.எஸ். உள்ள டிரோன் வட்டமிடத் தொடங்கினால் உடனே கீழே இறக்கிவிட வேண்டும். அதனைச் சரிக்கட்டி ஓட்ட முயலுவது கூடாது.

அளவுத்திருத்தத்தால் தீராதவை

எல்லாக் குறைகளுக்கும் இது மருந்தன்று. ஓரம் சிதைந்த இறக்கை அதிர்வை உண்டாக்கி உணர்கருவிகளைக் குழப்பும். இறக்கையை மாற்றுவதே வழி. இறக்கைகள் இருவகை, குறி பார்த்து உரிய மோட்டாரில் பொருத்தவேண்டும். பல டிரோன்கள் தாழப் பறக்கையில் அடியிலுள்ள கேமராவால் தரையைப் பார்த்து நிலைகொள்ளும். நீர் நிற்கும் நடவு வயலிலும், காற்றில் அலைமோதும் பயிரின்மேலும் அதற்குப் பற்றிக்கொள்ள அடையாளம் அகப்படாது. அங்கே தாழப் பறப்பதைத் தவிர்க்கவேண்டும். புவிகாந்த நடுக்கோட்டை அடுத்த நம் போன்ற பிரதேசங்களில், சூரியக் கொந்தளிப்பு மிகுந்த ஆண்டுகளில், அந்திக்குப் பின் சில மணிநேரம் ஜி.பி.எஸ். குறிகள் தடுமாறுவதுண்டு. பகலிலேயே வேலையை முடித்துக்கொள்வது எவ்வகையிலும் நலம்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 2021 ஆகஸ்டு 25இல் வெளியான டிரோன் விதிகள் 250 கிராம் வரையுள்ளவற்றை ‘நானோ’ என்று வகுத்துள்ளன. வான்வெளி சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியில் பொதுவாக 120 மீட்டர் உயரம் வரை பறக்க முன் அனுமதி வேண்டுவதில்லை. மற்ற இரண்டிலும் அனுமதியின்றிப் பறக்கக்கூடாது. தம் ஊர் எந்நிறத்தில் உள்ளது என்பதையும், பதிவு குறித்த விதிகளையும் பார்த்துக்கொண்டே பறக்கவிடுதல் வேண்டும்.

சங்கத்தின் கடமை

பொதுச் சொத்தாகிய டிரோன் இன்று ஒருவர் கையிலும் நாளை மற்றொருவர் கையிலும் இருக்கும். முன்னவர் அதனை எங்கே திருத்தினார், அது கீழே விழுந்ததா என்பது பின்னவருக்குத் தெரிய வழி வேண்டும். ஆதலின், டிரோனோடு ஒரு சிறு பதிவேட்டையும் சங்கம் வைத்தல் நன்று. தேதி, அளவுத்திருத்தம் செய்த இடம், செய்தவர் கையெழுத்து, சோதனைப் பறப்பில் கண்டது, விழுந்திருந்தால் அவ்விவரம் ஆகிய இவ்வளவே அதில் இருந்தால் போதும். விழுந்ததை மறைக்காமல் எழுதுபவரைக் கடிந்துகொள்ளாத வழக்கமும் உடன் வேண்டும். கடிந்துகொண்டால் அடுத்தவர் எழுதமாட்டார். அறியாமல் எடுத்துச் செல்பவர் கையில்தான் டிரோன் உடையும்.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் கால்மணி நேரம் செலவிட்டு மட்டத்தையும் வடக்கையும் டிரோனுக்கு நேர்மையாகக் கற்பித்துவிட்டால், அது பல பருவங்களுக்குச் சங்கத்தின் கண்ணாக இருந்து உழைக்கும் என்பதில் ஐயமில்லை.